நாற்பதுக்குக் கீழே எண் இல்லை

தம்பி, ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீ மேலே படிக்க மாட்டாய். உன் கிதாரை நான் விற்கவில்லை. யாரோ வந்து பார்த்துவிட்டுப் போனார் என்று போனில் சொன்னேனே, அது பொய். யாரும் வரவில்லை, நான் யாரிடமும் சொல்லவும் இல்லை. பீரோவுக்குப் பின்னால் நீ சாய்த்து வைத்துவிட்டுப் போன இடத்திலிருந்து அது வெளியே வந்து ரொம்ப நாளாகிறது. எப்படி வெளியே வந்தது என்று சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். இதைப் போனில் சொல்ல முடியாது. நீ "சரிப்பா, சரிப்பா" என்று சொல்கிற அவசரத்தில் எனக்கு வாய் அடைத்துவிடுகிறது. எழுதுவதும் சுலபமாக இல்லை. போன வருஷம் பக்கவாதம் வந்ததிலிருந்து வலது கையின் எழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கிறது, உனக்கே தெரியும். அரைப் பக்கம் எழுதினால் தோள் வரைக்கும் அசந்துபோகிறது. நிறுத்தி, படுத்து, எழுந்து, டீ குடித்துவிட்டு மறுபடி எழுதுகிறேன். எழுத்து கொஞ்சம் நேராக இருக்கும் இடமெல்லாம் காலையில் எழுதியது என்று வைத்துக்கொள்.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் அன்றைக்கு நடந்தது உனக்கு மறந்திருக்கலாம். மணிக்கட்டில் டாக்டர் கொடுத்த பட்டையைக் கட்டிக்கொண்டு சென்னை வண்டியில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தாய். "யார்னா கேட்டா குடுத்துடுங்கப்பா. வூட்ல கெடந்தா பாக்கப் பாக்க எரிச்சலா கீது" என்றாய். உன் அம்மா கீழே நின்றுகொண்டு, "ஏன்டா இப்டிப் பேசற? கை சரியாப் போனா வாசிக்கப் போற" என்றாள். நீ என்னைக் காட்டி அவளிடம் சொன்னாய். "எல்லாம் இவராலதான். சின்ன வயசுலேர்ந்து மெதுவா, மெதுவான்னு சொல்லிச் சொல்லியே ஒக்கார வச்சிட்டாரு. என்கூட வாசிச்சவன்லாம் பறந்துக்கினு இருந்தான். அவனுங்களப் புடிக்கப் போயிதான் என் கை போச்சு." அதோடு வண்டி நகர்ந்துவிட்டது. உன் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்குக் கால் வலித்தது, அங்கேயே சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். வீட்டுக்கு வர ஆட்டோ பிடிக்க வேண்டியதாகிவிட்டது.

வந்ததும் யோசித்தேன். பல நாள் யோசித்தேன். வேறு வேலை என்ன இருக்கிறது எனக்கு? வயசான அப்பன் இந்த இடத்தில் மன்னிப்புக் கேட்பான் என்று நீ எதிர்பார்த்தால் ஏமாந்துபோவாய். மெதுவாக வாசி என்று நான் சொன்னது சரிதான். இன்றைக்கும் அதையேதான் சொல்வேன். ஆனால் அதில் பாதிதான் சொன்னேன். மறுபாதி அப்போது எனக்கே தெரியாது. தெரியாததைச் சொல்லாமல் இருந்ததற்கு நான் எதற்குத் தலைகுனிய வேண்டும்? இப்போது கொஞ்சம் தெரிந்திருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

உன் கைக்கு என்ன ஆனது என்பது உன்னைவிட எனக்கு நன்றாகத் தெரியும் என்று சொன்னால் கோபப்படுவாய். வெளிநாட்டுக் கச்சேரிக்குப் போகிற அந்தக் குழுவில் உன்னை எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்கள். முதல் பாட்டில் கிதார் தனியாகப் பாய்ந்து போகிற ஒரு பகுதி. அதை அவர்கள் சொன்ன வேகத்தில் வாசித்துக் காட்ட வேண்டும், கெடு கொஞ்ச நாள்தான். உனக்கு அந்த வேகம் அதுவரை வந்ததில்லை. காலையில் எடுத்தால் சாப்பாட்டுக்குக் கூடக் கீழே வைக்காமல் நேராக அந்த வேகத்திலேயே மோதினாய். கட்டை விரல் மரத்தது, சொல்லவில்லை. மணிக்கட்டு வீங்கியது, தைலம் தடவிக்கொண்டு மோதினாய். கடைசியில் டம்ளரைப் பிடிக்க முடியாமல் போனபோதுதான் டாக்டரிடம் போனாய். அவர்கள் வேறு ஆளை அழைத்துப் போனார்கள். நான் ஒன்று கேட்கிறேன். உன்னோடு அந்த ஆஸ்பத்திரி பெஞ்சில் நானும்தான் இருந்தேன். டாக்டர் உன்னை விட்டுவிடச் சொன்னாரா? இல்லை. வீக்கம் வடியும்வரை தொடாதே, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக ஆரம்பி, வலித்தால் நிறுத்து என்றார். வீக்கம் எப்போதோ வடிந்துவிட்டது. நீ ஆரம்பிக்கவில்லை. அவ்வளவு வாசித்த கையை வைத்துக்கொண்டு கத்துக்குட்டி மாதிரி டொய்ங், டொய்ங் என்று தட்டுவதற்கு உனக்கு வெட்கம். அதுதான் விஷயம். கை போகவில்லை தம்பி.

அந்த வெட்கம் எனக்குத் தெரியும். அது எனக்கு வந்த கதையை நீ முழுசாகக் கேட்டதில்லை. கேட்க ஆரம்பித்தாலே உன் அம்மா குறுக்கே புகுந்து சிரிக்க வைத்துக் கெடுத்துவிடுவாள். எனக்கு ரேஷன் கடை விற்பனையாளர் வேலை கிடைத்து, கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஊரில் போட்டார்கள். கல்யாணமாகி மூன்று நாலு மாதம்தான். களமருதூரில் சமவெளியில் பிறந்து வளர்ந்த உன் அம்மா அந்தக் குளிரில் என்னோடு வந்து குடித்தனம் பண்ணினாள். கரண்ட் கம்பி எங்கள் வீடு வரைக்கும் வரவில்லை. அரிசி, மண்ணெண்ணெய் போடுகிற நாட்கள் தவிர மற்ற நாள் ஈ ஓட்டுகிற வேலைதான். கள்ளக்குறிச்சியில் ஏழுமலை அண்ணன் ஒரு மெல்லிசைக் குழு வைத்திருந்தார். அவர்தான் டிரம்ஸ் வாசிப்பார். திருவிழா, கல்யாணம் என்றால் கூப்பிடுவார்கள். நான் அதில் கிதார். சனிக்கிழமை பஸ் பிடித்து இறங்கி ஒத்திகைக்குப் போய்விட்டு வருவேன். யாரும் உட்கார வைத்துச் சொல்லித்தரவில்லை. கேசட்டைப் போட்டுக் கேட்டு, நிறுத்தி, தேடித் தேடி வாசிப்போம், எல்லோரும் அப்படித்தான்.

அந்த வருஷம் ஒரு பாட்டு ஊரையே கலக்கிக்கொண்டிருந்தது. ஒரு பெண் பாடியது. அவர் வாய் திறப்பதற்கு முன்னால் கிதார் மட்டும் ஒரு துண்டு ஓடும். தாளத்தின் ஒவ்வொரு தட்டுக்கும் நாலு சுரம், ஒன்றுவிடாமல். கீழே இன்னொரு கிதார் அடி சுரத்தை மட்டும் நிதானமாகத் தட்டிக்கொண்டிருக்கும். பங்குனித் திருவிழாவுக்கு அதை எடுக்கலாம் என்று ஏழுமலை அண்ணன் சொல்லி, கேசட்டைக் கையில் கொடுத்தனுப்பினார். புதுசாக ஆறு கட்டை பேட்டரி போட்டு டேப் ரெக்கார்டரை ஓடவிட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், கம்பியைத் தட்டுகிற அந்தச் சின்ன பிளாஸ்டிக் வில்லை, பிக், எந்தப் பக்கம் போகிறது என்றே புரியவில்லை. கீழே அடித்து மேலே அடிப்பதற்குள் பாட்டு அடுத்த தெருவுக்குப் போய்விட்டது. விடாமல் தினம் உட்கார்ந்தேன். பேட்டரி தீராமல் இருக்கட்டும் என்று அந்தத் துண்டு முடிந்ததும் டேப்பை நிறுத்தி, கேசட்டை வெளியே எடுத்து, பென்சிலை நுழைத்துச் சுற்றிப் பின்னால் கொண்டு வந்து மறுபடி போடுவேன். பாடுகிற அம்மாவின் குரலையே நான் கேட்பதில்லை.

அதற்குள் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. மலைப்பாதையில் ஒரு வளைவு சரிந்து, பஸ் நின்றுபோனது. ஒத்திகைக்கு இறங்க முடியவில்லை, புதுப் பேட்டரி மேலே ஏறி வரவும் வழியில்லை. நான் அதைப் பற்றிக் கவலையே படவில்லை. ஏனென்றால் என் கை அப்போதுதான் பழகிக்கொண்டு வந்தது. நேற்று விட்ட சுரம் இன்றைக்கு விழுந்தது. இன்றைக்குத் தடுக்கிய இடம் நாளைக்குச் சரியானது. ஒரு சங்கடம்தான். தினமும் கிதாரின் சுருதி டேப்பைவிட ஒரு பிடி ஏறியே நிற்கும். மலைக் குளிரில் கம்பி இழுத்துக்கொள்கிறது என்று நானே ஒரு காரணம் கண்டுபிடித்து, தினமும் கம்பியைக் கொஞ்சம் தளர்த்தி டேப்போடு சேர்த்துக்கொள்வேன். ஒருநாள் நிறுத்த மறந்து டேப் மேலே ஓடிவிட்டது. பாட்டு ஆரம்பித்தது. களி கிண்டிக்கொண்டிருந்த உன் அம்மா எட்டிப் பார்த்தாள். "இன்னாங்க, இந்தப் பாடற அம்மாவுக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லியா? ஆம்பள கொரலா கீது, அழுவுற மாதிரி இழுக்குது" என்றாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஒனக்கு இன்னா தெரியும் பாட்டப் பத்தி? போய்க் களியப் பாரு." அவள் போய்க் களியைப் பார்த்தாள். நான் அந்தத் துண்டை ஒரு சுரம் விடாமல் வாசித்து முடித்து, மார்பை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

உனக்கு இந்நேரம் புரிந்திருக்கும். என் கை வேகமாகவில்லை. பேட்டரி இறங்க இறங்க டேப் மெதுவாகிக்கொண்டே வந்தது. பாட்டு கீழே இறங்கி இறங்கி என்னிடம் வந்து சேர்ந்ததை, நான் ஏறிப்போய் அதைப் பிடித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். பாதை சரியாகி, முதல் பஸ்ஸில் உன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு கள்ளக்குறிச்சிக்கு இறங்கினேன், அவளும் கேட்கட்டும் என்றுதான். சைக்கிள் கடைக்கு மேலே இருந்த அறையில் ஒத்திகை. ஏழுமலை அண்ணன் குச்சியால் தட்டி, ஒன் டூ த்ரீ ஃபோர் என்று எண்ணினார். தட்டு போன வேகம் நான் மலையில் வாசித்த வேகமே இல்லை. முதல் வரி போவதற்குள் நான் எங்கேயோ, அவர்கள் எங்கேயோ. சுருதியும் சேரவில்லை. மறுபடி எண்ணினார், மறுபடி அதே. மூன்றாவது தடவை அவர் குச்சியை மடியில் வைத்துவிட்டு, "இன்னாபா, மலை மேல பாட்டு மெதுவா ஓடுமா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். உன் அம்மா சிரிக்கவில்லை. சுவர் ஓரமாக உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்குக் கிதாரை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடலாம் என்றுதான் இருந்தேன். பீரோவுக்குப் பின்னால் வைப்பதும் அதுவும் ஒன்றுதான்.

திரும்பும் பஸ் கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறியது. அவள்தான் ஆரம்பித்தாள். "நான் அப்பவே சொன்னேன் இல்ல, அந்தம்மாவுக்கு ஒடம்பு சரியில்லன்னு. கட்ட தீர்ந்துபோயி டேப்பு படுத்துக்கிச்சு, அதான். கட்டய மாத்துங்க, சரியாப் போவும்." எனக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது. ஆனால் ஒரேயடியாக ஆறையும் மாற்றினால் மறுபடி பழைய கதைதானே. அதனால் பழைய கட்டைகளைத் தூக்கி எறியவில்லை. வெயிலில் காய வைத்தால் கொஞ்சம் உயிர் வரும் என்று எல்லோருக்கும் தெரியும், ஓட்டு மேல் காய வைத்தேன். முதலில் அந்த ஆறையும் போட்டு, அந்த வேகத்தில் வாசித்தேன். அது கைக்குச் சாதாரணமாகிப் போனதும், ஒரு பழைய கட்டையை எடுத்துவிட்டு ஒரு புதுக் கட்டை. டேப் ஒரு மயிரிழை ஏறும். அங்கே இரண்டு மூன்று நாள். அப்புறம் இன்னொன்று. சில நாள் ஏறியது தாங்காது, புதுசை எடுத்துவிட்டுப் பழையதையே போட்டுக்கொள்வேன். கம்பியையும் திரும்ப முறுக்கி முறுக்கி ஏற்றினேன். ஆறும் புதுசானபோது தை பிறந்துவிட்டது. வேகத்தை எண்ணாக வைத்தால் அந்த வேகத்தில் தட்டிக்கொண்டே இருக்கிற மெட்ரோனோம் என்று ஒரு பொருள் உலகத்தில் இருப்பதே அப்போது எனக்குத் தெரியாது.

அந்த நாட்களில்தான் கையை உற்றுப் பார்க்கக் கற்றுக்கொண்டேன். வேகம் தாங்காமல் போகும்போது முதலில் தப்புவது சுரம் இல்லை. அதற்கு முன்னாலேயே தோள் காதுப் பக்கம் ஏறிவிடும், பல் கடிபடும், பிக்கைப் பிடித்த இரண்டு விரலும் வெளுக்கும். அப்புறம் முழங்கையிலிருந்து அடிக்க ஆரம்பிப்போம், பிக் கம்பியைத் தாண்டி வெளியே போய்ப் போய் வரும். இவ்வளவும் நடந்த பிறகுதான் சுரம் தப்பும். தோள் ஏறிய அந்த நிமிஷமே ஒரு கட்டை இறங்கிக்கொள்ள வேண்டும். நீ தோளைப் பார்க்கவில்லை, சுரத்தை மட்டும் பார்த்தாய். சுரம் விழுகிறது, அப்படியென்றால் எல்லாம் சரி என்று நினைத்தாய். உன்னுடைய சுரம் கடைசி நாள் வரைக்கும் சுத்தமாகத்தான் விழுந்தது, அதுதான் உன் கெட்ட நேரம்.

பங்குனியில் கச்சிராயபாளையம் பக்கத்தில் மாரியம்மன் கோயில் திருவிழா. மேடை ஏறினோம். முன்வரிசையில் இளவட்டங்கள் விசில் அடித்துக்கொண்டு ஆடத் தயாராக நின்றார்கள். ஏழுமலை அண்ணனுக்குக் கூட்டத்தைப் பார்த்தால் கை நிற்காது. கேசட்டில் உள்ளதைவிட ஏற்றியே எண்ணினார். எனக்கு அந்த வேகம் கிடையாது. தோள் ஏறுவது தெரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மோதியிருக்கலாம். நான் என்ன செய்தேன் என்றால், நாலு சுரத்தில் முதல் சுரத்தையும் மூன்றாவதையும் மட்டும் வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் விட்டுவிட்டேன். கை தளர்வாகவே இருந்தது, தாளம் கெடவில்லை. கூட்டம் ஆடிக்கொண்டே இருந்தது, ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. கடைசியில் ஏழுமலை அண்ணன் மட்டும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்து, "பாதிய முழுங்கிட்ட இல்ல? பொழச்சிக்கின போ" என்றார். நீ பத்தாவது படிக்கும்போது உன்னிடம் இதைச் சொன்னேன். நீ முகத்தைச் சுளித்துக்கொண்டு, "அது ஏமாத்து வேலப்பா" என்றாய். ஏமாற்று வேலையாகவே இருக்கட்டும். அந்தக் கை அதற்கப்புறம் இருபது வருஷம் திருவிழாக்களில் வாசித்தது.

ஆனால் இன்னொன்றையும் ஒத்துக்கொள்கிறேன். அந்த ஆறு புதுக் கட்டையோடு நான் நின்றுவிட்டேன். அதற்கு மேல் ஏறவே இல்லை. வேலை, குடும்பம், நீ பிறந்தது, மலையிலிருந்து மாற்றல் வாங்க அலைந்தது, எல்லாவற்றிலும் களைத்துப் போய், வருகிற வேகத்திலேயே வாசித்துக் காலத்தை ஓட்டினேன். ஏறுவது எப்படி என்று உனக்குச் சொல்ல நான் மேலே போயிருக்க வேண்டும் இல்லையா? போகவில்லை. உன்னைக் கீழேயே பிடித்து வைத்தேன் என்று நீ சொன்னதில் அவ்வளவு உண்மை இருக்கிறது. மெதுவாக வாசித்தால் வேகம் தானாக வரும் என்று சும்மா சொல்லிவிட்டேன். தானாக வராது. கட்டையை ஒருவர் மாற்ற வேண்டும்.

இனி உன் கிதார் வெளியே வந்த கதை. பக்கவாதத்துக்கு அப்புறம் கை பழகுவதற்காக உருண்டையைப் பிசை, பட்டாணி பொறுக்கு என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள். உன் அம்மா பட்டாணிக்கு எங்கே போவாள், மல்லாக்கொட்டையை ஒரு முறம் நிறையக் கொட்டி என் முன்னால் வைத்தாள். "வெட்டியா ஒக்காந்துக்கினு செவுத்தப் பாக்காதீங்க, இத ஒடைங்க" என்றாள். உடைத்தேன். முதலில் முறத்தில் விழுந்ததைவிட வீட்டில் சிதறியதுதான் ஜாஸ்தி. கட்டை விரலும் சுட்டு விரலும் மெல்ல மெல்ல ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொண்டன. ஒருநாள் ஓட்டுக்குள் இருக்கிற வேர்க்கடலைப் பருப்பை, அதன் மேல்தோல் உரியாமல், இரண்டு விரலால் எடுத்துப் பிடித்திருந்தேன். சட்டென்று எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிக்கைப் பிடிக்க வேண்டிய அழுத்தம் இவ்வளவுதான். இதற்கு மேல் பிடித்தால் தோல் உரியும், இதற்குக் கீழே விட்டால் நழுவும். இத்தனை வருஷம் நான் பிடித்ததெல்லாம் சுத்தியலைப் பிடிக்கிற பிடி. அவள் கடைக்குப் போன நேரம் பார்த்து பீரோவை நகர்த்தினேன்.

உறைக்குள் உன் மெட்ரோனோம் பெட்டியும் இருந்தது. அழுத்தினால் நீ கடைசியாக வைத்த எண்ணிலேயே டிக் டிக் என்று பறக்கிறது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தேன் தம்பி. இவ்வளவு வேகத்துக்கா இந்தப் பிள்ளை நாள் முழுக்க ஓடியது என்று இருந்தது. அந்த எண் என்ன என்று நான் குறித்துக்கொள்ளவில்லை. இறக்குகிற பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தேன், நிமிஷத்துக்கு நாற்பது தட்டு என்கிற எண்ணில் வந்து நின்றது. அதற்குக் கீழே அந்தப் பெட்டியில் எண் இல்லை. நாற்பதில் ஒரு தட்டுக்கு ஒரு சுரம், கீழே ஒன்று, மேலே ஒன்று. முடியவில்லை. நாற்பது எனக்கு வேகமாக இருந்தது. இரண்டு தட்டுக்கு ஒரு சுரம் என்று வைத்துக்கொண்டேன். ஒரு சுரம் அடித்து, ஒரு தட்டைச் சும்மா விட்டு, அடுத்ததை அடிப்பது. ஒற்றைக் கம்பியில் அதை மட்டும். கொஞ்ச நேரத்தில் கை நடுங்கும், படுத்துவிடுவேன். என் கையில் இப்போது மோதுவதற்குத் தெம்பே கிடையாது. தெம்பு இருந்தவரை அதை வைத்துத் தப்பை மூடி மறைத்திருக்கிறேன் என்பது அப்போதுதான் தெரிந்தது. பிக் எவ்வளவு தூரம் வெளியே போகிறது, மேல் அடி கீழ் அடியைவிட எவ்வளவு பலவீனம், எல்லாம் அந்த வேகத்தில் அப்பட்டமாகக் கேட்கிறது. மெதுவாக வாசிப்பது ஓய்வு என்று நினைத்திருந்தேன். அதைவிட அசதி தருகிற வேலை நான் செய்ததில்லை.

பெட்டியில் ஒரு நல்ல குணம், பேட்டரி இறங்கினாலும் அது மெதுவாகாது, நின்றுதான் போகும். என்னை ஏமாற்றாது. ஒரு வேகம் கைக்குச் சலித்துப் போகிற வரைக்கும் அங்கேயே இருப்பேன். சலித்தால் மட்டும் இரண்டு எண் ஏற்றுவேன். தோள் எழுந்தால் இறக்கிவிடுவேன். சில வாரம் ஏறியதைவிட இறங்கியதுதான் ஜாஸ்தி. உன் அம்மா இரண்டாவது வாரமே கண்டுபிடித்துவிட்டாள். கடைக்குப் போனால் சீக்கிரம் திரும்பாமல் இருந்தாள், அவ்வளவுதான்.

போன செவ்வாய்க்கிழமை காலையில் அவள் அடுப்படியில் மல்லாக்கொட்டை வறுத்துக்கொண்டிருந்தாள். நான் பெட்டியை ஐம்பத்திரண்டில் வைத்து, மலையில் கற்றுக்கொண்ட அந்தப் பழைய துண்டை, இரண்டு தட்டுக்கு ஒரு சுரம் இல்லை, ஒரு தட்டுக்கு ஒரு சுரமாக, முதலிலிருந்து முடிவு வரை நிற்காமல் வாசித்தேன். அந்தப் பாட்டின் நிஜ வேகம் எங்கே, இது எங்கே. யாருக்கும் அது பாட்டாகவே கேட்டிருக்காது. முடித்தபோது வாணலியில் கரண்டிச் சத்தம் நின்றிருந்தது. அடுப்படி வாசலில் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தாள். "இன்னாங்க, அந்தப் பாடற அம்மாவுக்கு இன்னமும் ஒடம்பு தேறலியா?" என்றாள். நான் சிரிக்கத்தான் ஆரம்பித்தேன். எப்படி அழுகையாக மாறியது என்று தெரியவில்லை. அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவனுக்கு ஒரு காயிதம் எய்துங்க" என்றாள். மல்லாக்கொட்டை கருகிவிட்டது.

அதனால்தான் எழுதுகிறேன். உன்னை மறுபடி அந்தக் குழுவுக்குப் போ, மேடை ஏறு என்று சொல்லவில்லை. நீ பார்க்கிற கம்பெனி வேலையை விட்டுவிடவும் சொல்லவில்லை. எனக்கு யாரையும் உந்தித் தள்ளுகிற தெம்பு இல்லை. கம்பி அறுந்து சுவரில் சும்மா தொங்கிக்கொண்டிருந்த என் பழைய கிதாருக்குப் புதுக் கம்பி வாங்கிப் போட்டிருக்கிறேன். உன்னுடையதைத் தினமும் காலையில் துடைத்து சுருதி சேர்த்து நாற்காலியில் வைக்கிறேன், ஆனால் இப்போது வாசிப்பதில்லை. அந்தத் துண்டில் கீழே நிதானமாகத் தட்டுகிற இன்னொரு கிதார் உண்டு என்றேனே, அதைத்தான் என் பழையதில் வாசிக்கிறேன். மேலே ஓடுகிற பகுதியை விட்டு வைத்திருக்கிறேன். அது இல்லாமல் என்னவோ வீட்டில் ஆள் குறைகிற மாதிரியே கேட்கிறது.

நீ இருந்த எண்ணுக்கு நான் ஏறி வர இந்த ஆயுசு போதாது. நீதான் இறங்கி வர வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை வா. வாசலில் யாரும் நிற்க மாட்டார்கள், கேட்பதற்கு உன் அம்மா ஒருத்திதான், அவளும் அடுப்படியில் இருப்பாள். கத்துக்குட்டி மாதிரி டொய்ங் என்று தட்ட வெட்கமாக இருந்தால், பக்கத்தில் உன்னைவிடக் கத்துக்குட்டியாக நான் இருக்கிறேன். பெட்டி ஐம்பத்திரண்டில் நிற்கிறது. அந்த வேகத்தில் உன் கை வலிக்காது என்றுதான் நினைக்கிறேன். வலித்தால் நாற்பதுக்கு இறக்கிக்கொள்ளலாம். நாற்பதிலும் வலித்தால் சொல்லு, அதற்குக் கீழே எப்படி வாசிப்பது என்று எனக்குத் தெரியும்.

அப்பா